பச்சை ஸ்டிக்கர் பாக்கெட்

யங்ஸ்டவுன், ஒஹையோ
செப்டம்பர் 6, 1988

நார்பர்ட்,

நேற்றோடு தொழிலாளர் தினம் போய்விட்டது, என் முறையும் முடிந்துவிட்டது. பாக்கெட்டைப் பஞ்சில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, பதிவுத் தபாலில் இன்று காலை அனுப்பிவிட்டேன். அடுத்த ஈஸ்டர் வரை அது உங்கள் பொறுப்பு. தபால் ஆபீஸ் பெண், "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள். "சூயிங்கம்" என்றேன். "சூயிங்கத்துக்கா இவ்ளோ இன்ஷூரன்ஸ்?" "இது பழைய சூயிங்கம்மா. மென்னா பல்லு போயிடும்." என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள். நம் கிறுக்கு வெளியாருக்கு இப்படித்தான் தெரியும், என்ன செய்வது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பேச்சுப்படி, பாக்கெட்டைப் பிரிக்க உங்கள் சம்மதம் வேண்டும்.

மார்ச்சில் டொலீடோ அட்டைக் கண்காட்சியில், அந்த சர்ச்சின் கீழ்த்தளத்தில், நாம் பாதிப் பாதி போட்டு வாங்கும்போதே சொன்னேன், என் தம்பி எமிலுக்காகத்தான் வாங்குகிறேன் என்று. நீங்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டீர்கள். எமில் பேஸ்பால் பெரிய லீக்கில் செகண்ட் பேஸில் நின்றது ஒரே ஒரு பருவம். அந்த வருடம் பயிற்சி முகாமுக்கு ஸ்டார்லிங் சூயிங்கம் கம்பெனிக்காரன் வந்து, இவனை மட்டையோடு நிறுத்திப் படம் எடுத்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு டோஸ்டரைக் கொடுத்தான். "ஆட்டக்காரங்க படம் போட்ட வெறும் அட்டை இல்ல தம்பி. பாக்கெட்டுக்குள்ள மடிச்சு வைப்போமே, போஸ்டர், அதுல நீ வரப்போற" என்றானாம். அப்புறம் தோள் போனது, ஆட்டமும் போனது. ஸ்டார்லிங்கும் ஆக்ரனில் நாலைந்து கடைகளில் மட்டும் அந்தச் சரக்கை வைத்துப் பார்த்துவிட்டு, ஓடவில்லை என்று மொத்தமாக நிறுத்திவிட்டது. எமிலுக்கு வேறு அட்டையே கிடையாது. அவன் ஆடினான் என்பதற்கு எங்கள் வீட்டில் அந்த டோஸ்டர் மட்டும்தான் சாட்சி.

பன்னிரண்டு போஸ்டர்களில் பதினொன்று யாரிடமாவது இருக்கிறது. ஒன்பதாம் எண்ணை மட்டும் இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. பச்சை ஸ்டிக்கர் பாக்கெட்டுகள்தான் கடைசியாகக் கடைக்கு வந்தவை, அவற்றில் எட்டு முதல் பன்னிரண்டு வரைதான் வந்திருக்கின்றன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். நம்முடையது பச்சை.

எமிலின் நுரையீரலை இரும்பாலைப் புகை தின்றுவிட்டது. நோயாளிகள் இல்லத்தில் படுக்கையோடு படுக்கையாகக் கிடக்கிறான். நவம்பரில் நன்றித் திருநாள் வரை தாங்கினால் பெரிய விஷயம் என்கிறார் டாக்டர். நீங்களே கிளம்பி வாருங்கள். அந்த வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு நீங்களே பிரியுங்கள். நான் தொடக்கூட மாட்டேன்.

லொரெட்டா கோப்சாக்


கலமசூ, மிச்சிகன்
செப்டம்பர் 14, 1988

அன்புள்ள லொரெட்டா,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. உங்கள் தம்பியின் நிலையைப் படித்து மிகவும் வருந்தினேன். அவருடைய ஆட்டத்தை நான் ரேடியோவில் கேட்டிருக்கிறேன் என்பதை உங்களிடம் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

ஆனாலும் முடியாது. கோபப்படாமல் கேளுங்கள்.

ஸ்டார்லிங் பாக்கெட்டுகளில் பிரிக்காமல் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் 1962-லேயே பிள்ளைகள் கிழித்துவிட்டார்கள். தப்பியவற்றை நம்மைப் போன்றவர்கள் ஆசை தாங்காமல் கிழித்துவிட்டோம். பிரித்துவிட்டால் இது ஐந்து அட்டை, ஒரு போஸ்டர், கொஞ்சம் சர்க்கரைத் தூள். பிரிக்காத வரைக்கும் இது ஆக்ரனில் ஒரு கடை மேஜையில் அன்று காலை வைத்த பாக்கெட். அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்ற நினைப்பிலேயே எனக்குச் செருப்புக்கடையில் பொழுது போகிறது. நாள் முழுக்க ஊரார் காலை அளப்பவனுக்கு வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். அதோடு, ஒன்பதாம் எண் இதில் இருக்க ஐந்தில் ஒரு வாய்ப்புதான். ஒன்பது எமில்தான் என்பதும் உங்கள் நம்பிக்கைதானே தவிர, யாரும் கண்டதில்லை. இரண்டும் பொய்த்தால் அவருக்கும் ஏமாற்றம், பாக்கெட்டும் போச்சு.

நான் கல்நெஞ்சன் இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்று பாக்கெட்டை மேஜை விளக்கில் பிடித்து, மடிப்புக்குள் ஏதாவது தெரிகிறதா என்று கண் வலிக்கப் பார்த்தேன். மெழுகுத்தாள் தடிமன், ஒன்றும் தெரியவில்லை.

ஒரு சின்னக் கேள்வி. டொலீடோவில் இதைப் பிளாஸ்டிக் உறைக்குள் பார்த்ததோடு சரி. இப்போது வெளியே எடுத்துப் பார்த்தால் பின்மடிப்பில் சூடு வைத்து ஒட்டிய கோடு இரண்டு இருக்கிறது. எப்போதும் ஒன்றுதான் இருக்கும். உங்கள் வீட்டில் இது ஹீட்டர் பக்கத்திலோ வேறு எங்கோ சூடு படும்படி இருந்ததா?

நார்பர்ட் டீக்


யங்ஸ்டவுன்
செப்டம்பர் 20

நார்பர்ட்,

பாக்கெட் என் பீரோவில், குளிர்காலக் கம்பளிக்கு நடுவில் இருந்தது. கோடையில் யார் ஹீட்டர் போடுவார்கள்? உங்கள் "சின்னக் கேள்வி"யை மூன்று தடவை படித்தேன். படிக்கப் படிக்க அது பெரிசாகிக்கொண்டே போகிறது. நான் பிரித்து ஒட்டினேனோ என்று சந்தேகம் என்றால் வாயைத் திறந்து கேளுங்கள். என் வீட்டில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும்.

ஐந்தில் ஒன்று என்கிறீர்கள். எமிலிடம் அதை அப்படியே சொன்னேன். "அஞ்சுல ஒண்ணா? ஆட்டத்துல அதவிட மோசமா அடிச்சும் என்னை வெச்சிருந்தாங்களே" என்று சிரித்தான். சிரித்தால் இருமல் வருகிறது; இருமல் வந்தால் நர்ஸ் ஓடி வந்து என்னைத்தான் முறைக்கிறாள். கொஞ்சம் தணிந்ததும் கேட்டான்: "அந்தச் செருப்புக்கடைக்காரர் என்னதான் சொல்றாரு?"

"யோசிக்கிறாராம்."

"சீக்கிரமா யோசிக்கச் சொல்லு ரெட்டா. எனக்கு மூச்சு பத்தலை."

போஸ்டரில் அவன் இல்லை என்றால் இல்லை. அதையும் அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போகட்டும். இருபத்தாறு வருடமாக மதுக்கடையில், ஆலையில், போகிற இடத்திலெல்லாம் "எனக்கு ஒரு போஸ்டர் வந்துச்சு" என்று சொல்லி எல்லார் கேலிக்கும் ஆளானவன் அவன். நான் உங்களிடம் கெஞ்சுகிறேன். இதற்கு முன் யாரிடமும் கெஞ்சியதில்லை. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவளுக்குக் கெஞ்சத் தெரியாது, கத்தத்தான் தெரியும். அதனால் சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

லொரெட்டா


கலமசூ
அக்டோபர் 3, 1988

செல்வி கோப்சாக் அவர்களுக்கு,

இதை எழுதவே கூடாது என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

பாக்கெட்டை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோய் கிளைட் ஆம்ஸ்லரிடம் காட்டினேன். பிரிக்காத பாக்கெட் விஷயத்தில் அவர் சொன்னால் இந்தப் பக்கத்தில் மறுபேச்சு கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது ரெண்டாந்தரம் ஒட்டினது நார்பர்ட். மெஷின்னா ஒரே கோடு, நேரா போகும். இந்த ரெண்டாவது கோடு வளைஞ்சு வளைஞ்சு போவுது பாருங்க. யாரோ பிரிச்சுப் பார்த்துட்டு வீட்டு இஸ்திரிப் பெட்டியால ஒட்டியிருக்காங்க. உங்களுக்கு முன்னாடி யார் கையில இருந்துச்சு?"

பாக்கெட்டைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நம்புங்கள். தம்பிக்காகச் செய்திருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். உள்ளே ஒன்பதாம் எண் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி மூடிவிட்டீர்கள். இப்போது முறைப்படி என் சம்மதத்தோடு பிரித்தால் எல்லாம் நேர் ஆகிவிடும் என்று நினைத்தீர்கள். இதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். என்னிடம் சொல்லியிருக்கலாம். அது ஒன்றுதான் என்னை உறுத்துகிறது.

நம் சேகரிப்பாளர் சங்கத்தின் சிகாகோ கண்காட்சியில் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாக இருந்தது. வைக்க முடியாது என்று குழுவுக்குத் தெரிவித்துவிட்டேன். காரணம் கேட்டார்கள். பொய் சொல்ல எனக்கு வராது, சொன்னேன்.

நா. டீக்


யங்ஸ்டவுன்
அக்டோபர் 9

மிஸ்டர் டீக்,

பொய் சொல்ல உங்களுக்கு வராது. நன்றாக இருக்கிறது. என்னைத் திருடி என்று ஊர் முழுக்கச் சொல்ல மட்டும் வந்திருக்கிறது.

நேற்று டொலீடோ கண்காட்சிக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு வருடமாக அதே மூலையில்தான் என் மேஜை. எப்போதும் காபி வாங்கி வைத்துக் காத்திருக்கும் ஹார்லன் தம்பதி என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பெரியவரிடம் ஒரு அட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அங்கேர்ந்தே பாருங்கம்மா" என்றார். நான் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி நாளில் மேஜையை மூட்டை கட்டிவிட்டேன். நாற்பது மைல் தள்ளி, சாலை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். ஏன் எழுதுகிறேன் தெரியுமா? நீங்கள் செய்தது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் எரித்தது எது தெரியுமா? குற்றம் சாட்டியது கூட இல்லை. "கோபம் இல்லை" என்று மன்னித்தீர்களே, அதுதான். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு கொடுக்க நீங்கள் யார்? எனக்குத் தம்பி மேல் இருக்கிற பிரியத்தையே ஆதாரமாக எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டீர்கள்.

கேளுங்கள். நான் அதைப் பிரிக்கவில்லை. ஏப்ரலில் ஒரு ராத்திரி முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உண்மை. நகம் வைத்தால் போதும். எமில் அடுத்த அறையில்தான் படுத்திருந்தான், அப்போது வீட்டோடு இருந்தான். வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று மறுபடி பீரோவில் வைத்துவிட்டேன். அந்த ராத்திரியை நினைத்தால் இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் பிரித்து ஒட்டினேன் என்று நம்பினால், ஒட்டுப்போட்ட பாக்கெட்டைப் பூட்டி வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? பிரியுங்கள். என் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்பதுதானே நம் பேச்சு? இதோ கொடுத்துவிட்டேன். அந்த ஆம்ஸ்லரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள்.

லொரெட்டா கோப்சாக்


கலமசூ
அக்டோபர் 15, 1988

லொரெட்டா,

பிரித்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி ஆம்ஸ்லரை வரவழைத்தேன். இன்று சனிக்கிழமை கடையை மூடிவிட்டு, பின்னறை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தோம். உண்மையைச் சொல்கிறேன், நான் தயங்கவே இல்லை. உங்கள் மேல் தப்பு என்று அவ்வளவு உறுதியாக இருந்தேன்.

மடிப்பு பிரிந்ததும் உள்பக்கம் தெரிந்தது. சூயிங்கத்தின் சர்க்கரை இத்தனை வருடத்தில் உருகி, இளஞ்சிவப்பாகத் தாளில் ஊறி, இரண்டு கோட்டின் மேலும் ஒரே கறையாகப் படர்ந்து காய்ந்திருந்தது. கறை ஓர் இடத்தில்கூட உடையவில்லை. அண்மையில் யாராவது சூடு வைத்திருந்தால் அது இளகிக் கலைந்திருக்கும். ஆம்ஸ்லர் லென்ஸை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். சூயிங்கம் போஸ்டரின் வெளிமடிப்போடு ஒட்டிப்போய், தொட்டதும் காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி உதிர்ந்தது. வெளியே எடுத்திருந்தால் அதைத் திரும்ப அப்படி வைக்க யாராலும் ஆகாது. அதை யாரும் தொட்டதில்லை, லொரெட்டா. 1962-லிருந்து நேற்று வரை ஒரு விரல்கூட அதற்குள் போனதில்லை. முதலில் போனது என் விரல்.

இரண்டாவது கோடு எப்படி வந்தது என்று ஆம்ஸ்லர் கேட்கவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது. இயந்திரம் ஒரே கோடுதான் வைக்கும். நாலைந்து கடைக்கு வைத்துப் பார்க்கிற சரக்குக்கு எந்தக் கம்பெனி இயந்திரத்தை ஓட்டும்? யாரோ ஒரு பெண் மேஜை முன் உட்கார்ந்து கையால் சூடு வைத்திருக்கிறாள். முதல் தடவை ஒட்டவில்லை, இன்னொரு தடவை வைத்திருக்கிறாள். அவ்வளவுதான். லட்சக்கணக்கில் விற்ற சரக்குக்கு இருக்கிற சட்டத்தை எடுத்துக்கொண்டு சோதனைச் சரக்கை அளந்துவிட்டோம். இதுகூடத் தெரியாதவர்கள் நாங்கள் இல்லை. தெரிந்தும் யோசிக்கவில்லை. ஆம்ஸ்லர், "நான் கிளம்பறேன் நார்பர்ட்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியாக மிஞ்சியிருந்த ஒன்றைக் காப்பாற்றுகிறேன் என்று உங்கள் தம்பியைக் காக்க வைத்தேன். பிறகு உங்களைத் திருடி என்று நிரூபிக்க அதை நானே கிழித்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

போஸ்டரை நான் விரிக்கவில்லை. எட்டாக மடித்தபடியே இருக்கிறது, எண் உள்பக்கம். சத்தியமாகப் பார்க்கவில்லை. உறை, அட்டைகள், உதிர்ந்த தூள் உட்பட எல்லாவற்றையும் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். எதிலும் இனி எனக்குப் பாதி இல்லை. என்ன எண் என்று மட்டும் முடிந்தால் ஒரு வரி எழுதுங்கள். கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

சிகாகோவில் குழுவுக்கு இன்னும் சொல்லவில்லை. எந்த வாயோடு சொல்வது என்று தெரியவில்லை.

நார்பர்ட்


யங்ஸ்டவுன்
அக்டோபர் 27

மிஸ்டர் டீக்,

ஒன்பது.

எமிலின் படுக்கையை நிமிர்த்திவிட்டு, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையை மார்புக்கு நேராக இழுத்துப் போட்டேன். அவனேதான் விரித்தான். ஒவ்வொரு மடிப்புக்கும் ஓய்வு எடுத்துக்கொண்டான். நான் பிரித்துக் கொடுக்கட்டுமா என்றதற்கு, "நீ சும்மா இரு" என்றான். கடைசி மடிப்பு விரிந்ததும் நான் குனிந்து பார்த்தேன்.

அவன்தான். மட்டையைப் பிடித்திருக்கிற அந்த வளைந்த சுண்டுவிரல்வரை அவன்தான். எவ்வளவு சின்னப் பையனாக இருந்திருக்கிறான்! கீழே பெயர் மட்டும் வேர்ன் ஸ்ட்ராட்மன் என்று அச்சடித்திருக்கிறார்கள். அதே முகாமில் இருந்து, அடுத்த வருடம் எமிலின் இடத்துக்கு வந்த ஆள். கம்பெனியில் யாரோ படத்தை மாற்றி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இப்படி மாறிப்போன அட்டை உங்களிடமே ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

எமில் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன், சிரிக்கிறான். "என் எடத்தத்தான் எடுத்தான்னு நெனச்சேன் ரெட்டா. என் மூஞ்சியையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டானே, படுபாவி!" நர்ஸ் ஓடி வந்தாள். அவளிடம் போஸ்டரைக் காட்டி, "இது யாரு, சொல்லு பாப்போம்" என்றான். அவள் பெயரைப் படிக்கவில்லை. படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நீங்கதான். காது அப்படியே இருக்குதே" என்றாள். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உடனே அவள் சட்டைப் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை உருவிக்கொண்டான். என் கை தானாகப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. உலகத்திலேயே ஒன்று, அதில் பேனாவா! அவன் ஒன்றும் புரியாமல், "என்ன?" என்றான். அந்த ஒரு நொடி நான் நீங்களாக இருந்தேன், மிஸ்டர் டீக். அதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. கையை எடுத்துவிட்டேன். ஸ்ட்ராட்மனின் பெயரை இரண்டு தடவை அடித்துவிட்டு, அதற்கு மேல் எமில் கோப்சாக் என்று எழுதினான். அழுத்தி எழுதியதில் மடிப்போரம் கொஞ்சம் கிழிந்துவிட்டது. உங்கள் ஆட்கள் பார்த்தால் மார்பில் அடித்துக்கொள்வார்கள். அவன் படுக்கைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், சாதாரண டேப் போட்டுத்தான். தூங்கி எழும்போதெல்லாம் அதைப் பார்க்கிறான்.

சிகாகோவில் நீங்கள் சொல்லத்தான் வேண்டும். எனக்காக இல்லை, டொலீடோவில் எனக்கு இனி மேஜை வேண்டாம், அந்தக் காபியும் வேண்டாம். ஒட்டுப்போட்ட பாக்கெட்டிலிருந்து வந்தது என்ற பேச்சு இருக்கிற வரைக்கும் அந்தப் போஸ்டரை யாரும் நம்ப மாட்டார்கள். அவன் எழுதிய பெயரையும் நம்ப மாட்டார்கள். எல்லாரும் இருக்கும்போது, உரக்க, என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். வாய் வராவிட்டாலும் சொல்லுங்கள்.

இன்னொன்று. நான் கிளம்பும்போது எமில் கேட்டான்: "கடைசியில அந்தச் செருப்புக்கடைக்காரர் மனசு மாறிட்டாரா? எனக்காகவா பிரிச்சாரு?"

நான் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "ஆமா எமில், உனக்காகத்தான்" என்றேன்.

"கடைசிப் பாக்கெட்டாச்சே. அவருக்கு எவ்ளோ வலிச்சிருக்கும்" என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தான். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னான். மறக்காமல் எழுது என்று இரண்டு தடவை சொன்னான். எழுதிவிட்டேன்.

லொரெட்டா கோப்சாக்